தூங்கும் அழகியும் தூக்கம் வராத பிள்ளைகளும்: லண்டன் பாலே பயணம்

சென்னையில் பாலே கற்கும் ஒன்பது முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளை லண்டன் ராயல் ஆபரா ஹவுஸுக்கு 'ஸ்லீப்பிங் பியூட்டி' (தூங்கும் அழகி) பாலே பார்க்க அழைத்துப் போனபோது அன்றன்று எழுதிய குறிப்புகள். டிக்கெட், விசா கதையெல்லாம் இதில் இல்லை.

பிப்ரவரி 15, புதன் – ஹீத்ரோவிலிருந்து ஈஸ்ட் ஹாம்

சொல்லி வைத்திருந்த வேன் வரவில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு, வண்டி வேறு டெர்மினலில் நிற்பதாகப் போன் வந்தது. அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கவே இல்லை. பெட்டிகளை இழுத்துக்கொண்டு டியூப் எனும் சுரங்க ரயிலின் பிக்கடில்லி லைனில் ஏறி, பேரன்ஸ் கோர்ட்டில் எதிர்ப்பக்கம் நிற்கும் டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறி ஈஸ்ட் ஹாம் வந்து சேர்ந்தோம். அந்த நிலையத்தில் மாறினால் படி ஏறி இறங்க வேண்டாம், ஒரே பிளாட்பாரம்தான். பெட்டியும் பிள்ளைகளுமாகப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பதினொரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெரியவரோடு வந்தால் டியூபில் கட்டணம் இல்லை; ஒரு பெரியவருக்கு நாலு பிள்ளைகள் வரை. பதினொன்று முதல் பதினைந்து வரை உள்ளவர்களுக்கு நிலைய ஊழியரிடம் கேட்டால் ஆய்ஸ்டர் எனும் பயண அட்டையில் இளம் பயணிச் சலுகை ஏற்றித் தருவார்கள், பாதிக் கட்டணம்தான். கேட்காவிட்டால் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஏழு டிகிரி, தூறல். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் தமிழ்ப் பலகைகளைப் பார்த்ததும் பிள்ளைகளின் முகம் தெளிந்தது. மசாலா தோசை ஏழு பவுண்டு. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் பரிமாறினார். "பிள்ளைக்கு உறைப்புப் போடட்டோ?" என்று அவர் கேட்க, எங்கள் கூட்டத்தின் கடைக்குட்டி விழித்தாள். "காரம் வேணுமான்னு கேக்கறாரு" என்று பக்கத்தில் இருந்தவள் சொல்லிக் கொடுத்தாள். சம்பலைக் கேட்டு வாங்கி இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார்கள்.

காட்சி பார்க்கும் நாளை முடிவு செய்வதில் பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் நேர வித்தியாசம். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். மாலைக் காட்சியின் கடைசிப் பாகம் ஓடும் இரவு பத்து மணி, பிள்ளைகளின் உடம்புக்கு விடிகாலை மூன்றரை. அரண்மனை முழுவதும் தூங்கும் கட்டத்தில் நம் வரிசையும் தூங்கிவிடும். மதியக் காட்சி என்றால் அது அவர்களுக்கு அந்தி நேரம், வகுப்புக்கு வந்து பழகிய பொழுது. விமானம் இறங்கிய அன்றோ மறுநாளோ வேண்டாம், மூன்று இரவாவது கழியட்டும். எங்களுக்குச் சனிக்கிழமை மதியம்.

விடிகாலை மூன்று மணிக்கே எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 16, வியாழன் – கோல்டர்ஸ் கிரீன்

விழித்த பிள்ளைகளைச் சும்மா வைத்திருக்க முடியாது. விடிவதற்குள் இரண்டு மெட்டு கேட்கவைத்தோம். சைக்கோவ்ஸ்கி இந்த பாலேக்கு எழுதிய இசை முழுவதையும் தாங்கி நிற்பவை அவைதான். கெட்ட தேவதை கராபோஸுக்கு உரியது ஈ மைனரில் வெட்டி வெட்டி வரும். லைலாக் தேவதையுடையது ஈ மேஜரில் ஒரே மூச்சாக நீளும். திரை தூக்குமுன் வரும் முன்னிசையிலேயே இரண்டும் மோதிக்கொள்ளும். முதலில் கராபோஸ் வெடித்துவிட்டு அடங்க, பிறகு கோர் ஆங்லே குழலில் லைலாக் எழும். இதைக் காதில் போட்டுவிட்டால் கதைச் சுருக்கம் படித்துக் காட்ட வேண்டிய வேலையே பாதி குறைந்துவிடும்.

அடுத்து சைகைகள். தலைக்கு மேல் இரண்டு கைகளும் ஒன்றையொன்று சுற்றினால் நடனம். முகத்தைச் சுற்றி விரல் வட்டமிட்டால் அழகு. இடது கை மோதிர விரலைத் தொட்டால் திருமணம். மணிக்கட்டில் குறுக்கே வைத்த முஷ்டிகளைக் கீழே இறக்கினால் சாவு. கன்னத்தை உள்ளங்கையில் சாய்த்தால் தூக்கம். முன்னுரைக் காட்சியில் கராபோஸ் பேசும் நீண்ட சாபமும் (இளவரசி சாவாள்) லைலாக் அதைத் திருத்துவதும் (சாகாமல் தூங்குவாள்) முழுக்க இந்தச் சைகைகளில்தான் நடக்கின்றன. பரதமும் கற்கும் பிள்ளைகளுக்கு இது கால் மணி நேர வேலை. ஒரே எச்சரிக்கை: கண்ணும் புருவமும் உதடும் பேசுவதை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கைகள் உள்ள அரங்கில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி கையும் மேலுடலும்தான் பேசும்.

பிற்பகல் நார்தர்ன் லைனில் கோல்டர்ஸ் கிரீன். நிலையத்திலிருந்து நார்த் எண்ட் ரோட்டில் மேடேறி நடந்தால் ஐவி ஹவுஸ். ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவா 1912 முதல் 1931-ல் இறக்கும் வரை வாழ்ந்த வீடு. இப்போது பள்ளிக்கூடம் என்பதால் வெளியே நின்று பார்ப்பதோடு சரி. அவர் அன்னங்கள் வளர்த்த குளம் தெருவிலிருந்து தெரியாது. மழை சாய்வாக அடித்தது, குடையைத் திருப்பிப் போட்டது. வழியில் நாயோடு வந்த ஒரு பெரியவர் நின்று, எங்கள் கூட்டம் எதைப் பார்க்கிறது என்று கேட்டார். சொன்னதும், எதிர்த்தாற்போல் இருக்கும் கோல்டர்ஸ் ஹில் பூங்காவில் தேநீர்க்கடை இருப்பதாகக் காட்டிவிட்டு, பிள்ளைகளின் காலணியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நியாயம்தான், கேன்வாஸ் ஷூ அந்த மழைக்கு ஆகாது. ஹாட் சாக்லேட் நாலு பவுண்டு சொச்சம். அந்தக் குளிருக்கு அதிகம் என்று சொல்ல மனம் வரவில்லை.

இந்த வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்ததற்குக் காரணம் உண்டு. 'ஸ்லீப்பிங் பியூட்டி' 1890 ஜனவரியில் பீட்டர்ஸ்பர்க் மாரியின்ஸ்கி அரங்கில் முதலில் மேடையேறியது. நடன அமைப்பு மாரியுஸ் பெத்திபா. அதைப் பார்க்க ஒரு ஏழைத் தாய் தன் மகளை அழைத்துப் போனார். அந்தச் சிறுமிதான் பாவ்லோவா. பூமாலை நடனத்தைக் காட்டி, இப்படி ஆட ஆசையா என்று தாய் கேட்டதற்கு, அவர்களைப் போல் வேண்டாம், அந்த இளவரசியைப் போல் ஆட வேண்டும் என்று சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். அதே பாவ்லோவாவை 1928-ல் பம்பாயில் மேடையில் பார்த்து மயங்கியவர் ருக்மிணி தேவி. பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே கற்கத் தொடங்கிய ருக்மிணி தேவியை, உன் நாட்டு நடனத்தைத் தேடு என்று திருப்பி அனுப்பியவரும் பாவ்லோவாதான். 1935 கடைசியில் அடையாறில் ருக்மிணி தேவியின் பரதநாட்டிய அரங்கேற்றம், 1936-ல் அவர் தொடங்கிய கலாக்ஷேத்ரா. திருவான்மியூர் வழியாக வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கிலி தெரியாமல் இருக்கக் கூடாது.

பிப்ரவரி 17, வெள்ளி – செயின்ட் மார்ட்டின்ஸ் லேன், காவென்ட் கார்டன்

வெயில்! ஒன்பது டிகிரி, காற்று இல்லை.

ஷூ வாங்கும் வேலையை வேண்டுமென்றே இன்றைக்கு வைத்தோம். பத்து, பதினொரு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்தால் கால் வீங்கும். இறங்கிய மறுநாள் அளவெடுத்தால், விரல்முனையில் நின்று ஆடப் போடும் பாயிண்ட் ஷூ அரை எண் பெரிதாக அமையும். வீக்கம் வடிந்ததும் கால் உள்ளே வழுகி இறங்கி எடை முழுவதும் கட்டைவிரல் நகத்தில் விழும். ஊருக்குத் திரும்பிய பிறகு மாற்றவும் வழியில்லை.

ஃப்ரீட் கடை 1929-ல் தொடங்கிய பெயர். இன்றும் அவர்கள் ஷூவைக் கையால்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு கைவினைஞருக்கும் ஒரு முத்திரை, நங்கூரம், மணி என்று அடியில் குத்தியிருக்கும். மேடை நடனமணிகள் தங்களுக்கு ஒத்துவந்த முத்திரையை விடவே மாட்டார்கள். ஷூவின் முனையில் இருப்பது மரக்கட்டை என்று நினைக்கும் பெற்றோர் நம்மூரில் இன்னும் உண்டு. சாக்குத்துணியும் தாளும் பசையும் அடுக்கடுக்காக வைத்து, உலையில் காயவைத்து இறுக்கியதுதான் அது. மேலே சாட்டின், அடியில் தோல். இடது வலது பேதம் கிடையாது.

அளவு பார்க்கும் பெண்மணி அவசரமே படவில்லை. முதலில் வெறுங்காலோடு நிற்கவைத்து விரல்களின் நீள வரிசையைப் பார்த்தார். ஷூ போட்டதும் ப்ளியே செய்யச் சொன்னார், அதாவது முழங்கால் மடக்கி இறங்குவது. அப்போது விரல்நுனி முனையைத் தொட வேண்டும், மடங்கக் கூடாது. அடுத்து கம்பியைப் பிடித்து ஒரு காலை மட்டும் முனையில் ஏற்றி, குதிகாலில் சாட்டினைக் கிள்ளிப் பார்த்தார். கொஞ்சம் கிள்ள வந்தால் சரி. நிறைய வந்தால் நீளம், கிள்ளவே வராவிட்டால் குறை. வளரும் பிள்ளைதானே, கொஞ்சம் பெரிதாக வாங்கலாமே என்ற நம் பள்ளிக்கூடச் செருப்புக் கணக்கு இங்கே செல்லாது. வளர்ந்தால் வேறு ஜோடிதான். விலை அறுபது பவுண்டு அளவில், ரிப்பனும் எலாஸ்டிக்கும் தனி.

எல்லோருக்கும் வாங்கவில்லை. வயதில் சின்னவர்களுக்கும், கணுக்கால் இன்னும் உறுதிப்படாதவர்களுக்கும் மென்மையான ஷூவே போதும். பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குமுன் முனையில் ஏற்றுவது எலும்புக்கு நல்லதல்ல. அழுத பிள்ளையைக் கடைப் பெண்மணியே சமாதானப்படுத்தினார், நம்மைவிட நன்றாக.

காவென்ட் கார்டன் டியூப் நிலையத்தில் லிஃப்டுக்குக் கூட்டம் என்றால் சுழல் படியில் ஏறலாம். 193 படி என்று பலகையே எச்சரிக்கும். பெரிய பிள்ளைகள் போட்டி போட்டு ஏறிவிட்டார்கள், மறுநாள் ஆடுசதை பிடித்துக்கொண்டது. மேடையைப் பார்க்க மட்டும் போகும் நாளாக இருந்ததால் பிழைத்தார்கள். ஃப்ளோரல் ஸ்ட்ரீட்டில் தலைக்கு மேலே முறுக்கிவிட்ட மாதிரி ஒரு கண்ணாடிப் பாலம் போகும், ராயல் பாலே ஸ்கூலையும் அரங்கையும் இணைப்பது. அதற்கு ஆசைகளின் பாலம் என்று பொருள்படும் பெயர். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்த ஒருத்தி கம்பத்தில் இடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 18, சனி – காட்சி

இருக்கை பற்றி முதலில். பிள்ளைகளுக்கு விலை அதிகமான கீழ்த்தளத்தைவிட மேலே ஆம்பிதியேட்டரின் நடுப்பகுதி நல்லது. கீழே இருந்தால் முன்னால் உட்கார்ந்தவரின் தலைதான் கண்ணில் படும். மேலே சரிவு செங்குத்து. கோர் த பாலே எனும் குழு நடனமணிகள் போடும் கோலம், வட்டம், குறுக்குக்கோடு எல்லாம் தெரியும். பக்கவாட்டு ஸ்லிப்ஸ் மலிவு. ஆனால் மேடையின் ஒரு பக்கம் மறைந்துவிடும், பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். எட்டிப் பார்ப்பதுதான் இந்த அரங்கில் பெரிய குற்றம். மேல்வரிசையில் ஒருவர் முன்னால் குனிந்தால் பின்னால் இருப்பவருக்கு மேடையே போய்விடும். முதுகு நாற்காலியில் ஒட்டியிருக்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லி வைத்தோம். ஆனாலும் இளவரசி நான்கு இளவரசர்களோடு ஆடும் ரோஸ் அடாஜியோவில் நம்மவள் ஒருத்தி முன்னால் சாய, பின்னாலிருந்து தோளில் மெல்ல ஒரு விரல் பட்டது. திரும்பினால் ஒரு பாட்டியம்மா, சிரித்துக்கொண்டே. இடைவேளையில் அவரே தன் சிறிய பைனாகுலரைக் கொடுத்து, காலைப் பார்க்காதே, முதுகைப் பார் என்றார். வகுப்பில் எத்தனை முறை சொல்லியும் ஏறாதது அப்போது ஏறியது.

நுழைந்ததும் நிகழ்ச்சித் தாளோடு ஒரு துண்டுச்சீட்டு: அன்றைய ஔரோரா, அதாவது இளவரசியாக ஆடுபவர், மாறிவிட்டார். காயம் காரணமாக இப்படி நேர்வது வழக்கம்தான். யூடியூபில் பார்த்த ஒரே முகத்துக்காகப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தினால் இந்தச் சீட்டு அழுகையில் கொண்டுபோய் விடும். கதாபாத்திரத்துக்காகக் கூட்டிப் போங்கள், நட்சத்திரத்துக்காக வேண்டாம்.

இருமல் மிட்டாயின் தாளை உட்காரும் முன்பே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கைதட்டல் தொடங்கியதுமே கடைசிப் பிள்ளையைக் கழிப்பறை வரிசைக்கு அனுப்பிவிட வேண்டும், இல்லையென்றால் இடைவேளை முழுவதும் வரிசையிலேயே கழியும். ஐஸ்கிரீம் சின்னக் கிண்ணம் நாலு பவுண்டுக்கு மேல். காலையில் கட்டிக்கொண்டு வந்த இட்லியை வெளியே மார்க்கெட் தூணருகில் நின்றே முடித்துவிட்டோம். இரண்டு இடைவேளையோடு மொத்தம் மூன்று மணி நேரம், வெறும் வயிற்றில் ஆகாது.

இந்த அரங்குக்கும் இந்த பாலேக்கும் உள்ள உறவு பழையது. போரின்போது ராயல் ஆபரா ஹவுஸ் பொதுமக்கள் ஜோடியாக ஆடும் நடனக்கூடமாக இருந்தது. 1946 பிப்ரவரி 20 அன்று அதை மீண்டும் திறந்தது இதே 'ஸ்லீப்பிங் பியூட்டி'தான். மார்கோ ஃபோன்டெய்ன் ஔரோரா, ஒலிவர் மெஸலின் அரங்கமைப்பு. துணிக்குக் கூப்பன் முறை இருந்த காலம் அது. இப்போது ஆடும் வடிவம் அந்த மெஸல் தோற்றத்தை 2006-ல் புதுப்பித்தது. பூமாலை நடனம் மட்டும் கிறிஸ்டோபர் வீல்டன் புதிதாக அமைத்தது.

முன்னுரைக் காட்சியில் ஔரோரா வெறும் தொட்டில் குழந்தை. எப்ப வருவாங்க மிஸ் என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். அதற்கு மருந்து, தேவதைகளை அடையாளம் கண்டுபிடிக்கச் சொல்வது. ஒவ்வொரு தேவதையும் குழந்தைக்கு ஒரு குணம் கொடுக்கிறாள், அது கையில்தான் தெரியும். பாட்டுப் பறவையின் தேவதை விரல்களைச் சிறகடிப்பாள். பொற்கொடியின் தேவதை சுட்டுவிரல்களை அம்பாக நீட்டி நீட்டி வெட்டுவாள். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நிமிடம்தான், கண் இமைத்தால் போச்சு.

ரோஸ் அடாஜியோவுக்குத்தான் எல்லோரும் காத்திருப்பது. ஔரோரா துள்ளி ஓடி வந்து ஆடி முடித்து, மூச்சு அடங்குமுன்னே தொடங்கிவிடும். நான்கு இளவரசர்கள் கைகொடுக்க (தலைப்பாகையோடு ஓர் இந்திய இளவரசனும் உண்டு), ஒற்றைக்கால் முனையில் ஆட்டிட்யூடில், அதாவது மறுகாலைப் பின்னால் மடக்கித் தூக்கியபடி, நிற்கிறாள். ஒருவன் அவளை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவான். அவன் கையை விட்டு, கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் நின்று, பிறகுதான் அடுத்தவன் கை. சிரமம் நிற்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. பயத்தில் அவள் இளவரசன் கையை இறுகப் பற்றினால், அவன் கையை எடுக்கும்போது அவள் எடையும் கூடவே போகும். அவனும் தாங்குகிறேன் என்று தள்ளவோ இழுக்கவோ கூடாது, மேசைபோல் நிலையாகக் கொடுக்க வேண்டும். பின்னால் தூக்கிய முழங்காலை இன்னும் ஏற்ற ஆசைப்பட்டு இடுப்பைத் திறந்தாலும் ஆட்டம்தான். மேலிருந்து பைனாகுலரில் பார்த்தால் நிற்கும் கணுக்கால் ஓயாமல் நுணுக்கமாக அசைந்து சரிசெய்துகொண்டே இருப்பது தெரியும். அசையாமல் நிற்பதாகப் பிள்ளைகள் நினைத்திருந்தது இதைத்தான்.

இரண்டாம் பாகத்தில் லைலாக் இளவரசனைப் படகில் அழைத்துப்போகும் இடத்தில் சின்னவர்கள் இருவர் தூங்கிப்போனார்கள். எழுப்பவில்லை.

மூன்றாம் பாகம் திருமண விருந்து. பூட்ஸ் போட்ட பூனைக்கும் வெள்ளைப் பூனைக்கும் சண்டை. ஓபோ குழல் மியாவ் என்றதும் தூங்கினவர்களும் விழித்தார்கள். நீலப்பறவையில் ஆண் நடனமணி குறுக்குக்கோட்டில் பறந்துகொண்டே காலை முன்னும் பின்னும் அடித்துத் தட்டுவான், அதற்குப் பெயர் பிரிஸே வோலே. உடம்பு முன்னால் மடிவதும் பின்னால் வளைவதும் காலின் வேகத்தோடு ஒத்துவராவிட்டால் பறவை தவளையாகிவிடும். 1890-ல் இந்த நீலப்பறவையையும் கராபோஸையும் ஒரே ஆள் செய்தார், என்ரிக்கோ செக்கெட்டி. கடைசி ஜோடி நடனத்தில் ஔரோரா சுழன்று வந்து தலைகீழாக மீனைப்போல் பாயும் இடம் பழைய ரஷ்யப் பிரதியில் இல்லை, 1921-ல் ரஷ்ய பாலே குழுத் தலைவர் தியாகிலெவ் லண்டனில் மேடையேற்றியபோது சேர்ந்துகொண்டது. அரங்கமே மூச்சுவிட்டது அங்கேதான்.

பெரிய பிள்ளைகளிடம் கோர் த பாலேயின் வரிசையைப் பாருங்கள் என்று பாடம் சொல்லியிருந்தோம். அவர்கள் பார்த்தது இளவரசியை மட்டும். பாவ்லோவாவே அதைத்தான் பார்த்தார் என்றபிறகு இதில் திட்ட என்ன இருக்கிறது? முதல் தடவை விட்டுவிட வேண்டியதுதான்.

பிப்ரவரி 19, ஞாயிறு – விக்டோரியா, ஹீத்ரோ

மறுபடி தூறல். போகும் வழியில் விக்டோரியாவில் இறங்கி, விக்டோரியா பேலஸ் தியேட்டரின் கூரைக் குமிழ்மேல் நிற்கும் தங்கநிறப் பாவ்லோவாவைப் பார்த்தோம். 1911-ல் வைத்த பழைய சிலை 1939-ல் இறக்கப்பட்டுக் காணாமல் போயிற்று. இப்போது இருப்பது 2006-ல் வைத்த நகல். கீழே பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

புது ஷூக்கள் கைப்பையில் வரட்டும், சரக்குப் பெட்டியில் நசுங்கும். ஊரில் தைக்கும்போது குதிகால் துணியை உள்பக்கம் மடித்து, மடிப்பு எங்கே விழுகிறதோ அங்கே ரிப்பனை வைக்க வேண்டும். மேல்விளிம்பில் ஓடும் இழைக்கயிற்றின்மேல் ஊசி ஏறக் கூடாது, ஏறினால் பிறகு இறுக்க வராது. நூலுக்குப் பதில் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நன்றாகத் தாங்கும். சென்னைப் புழுக்கத்தில் பசை முனை சீக்கிரம் இளகும். வகுப்பு முடிந்த கையோடு பிளாஸ்டிக் பையில் திணிக்காமல் வலைப்பையில் போட்டு மின்விசிறிக் காற்றில் தொங்கவிடுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. வெயிலில் காயவைக்க வேண்டாம், சாட்டின் வெளிறும். இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த முனை மறுநாள் கெட்டியாக நிற்கும்.